ரேணுகாம்பாளின் இரண்டாவது முட்டி

திங்கட்கிழமை காலை வீட்டில் ஃபியூஸ் போயிற்று. தாயும் மகளும் சேர்ந்து செய்த கடைசி வேலை அதைச் சரிசெய்ததுதான்.

ஸ்டூலின் மேல் ஏறி நின்றது தாய். கீழே நின்று டார்ச் அடித்தது மகள். முறைப்படி பார்த்தால் இது மாறி இருந்திருக்க வேண்டும். மகள் தேவகி எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவள். சென்னையில் ஒரு கல்லூரியில், கெட்டுப்போன கருவிகளைப் பழுதுபார்க்கும் பிரிவில் வேலை. ஆனால் ரேணுகாம்பாளை ஸ்டூலிலிருந்து இறக்க யாராலும் ஆகாது. ஏறுவதற்கு ஒரு சாக்குக் கிடைத்தால் போதும், ஏறிவிடுவாள். பரண்மேல் பானை, ஆணியிலிருந்து நழுவிய காலண்டர், எதுவானாலும் சரி.

இடுப்பில் செருகியிருந்த காகித மடிப்பைப் பிரித்து, பாதி பிளேடு ஒன்றை எடுத்தாள். புது ஃபியூஸ் கம்பியின் இரண்டு முனைகளையும் பளபளவென்று சுரண்டினாள். ஃபியூஸ் கம்பியைச் சுரண்ட வேண்டியதில்லை, அதற்கு மேல்பூச்சே கிடையாது என்று தேவகி சொன்னாள். இதற்கு முன்பும் பல தடவை சொல்லியிருக்கிறாள்.

“சுரண்டாத கம்பிய நான் நம்பறதில்லடி. நீ டார்ச்ச ஆட்டாம புடி.”

விளக்கு எரிந்தது. ரேணுகாம்பாள் இடது காலை முதலில் ஊன்றி இறங்கினாள். தேவகி பையை எடுத்துக்கொண்டு சென்னை பஸ்ஸுக்குக் கிளம்பினாள். புதன்கிழமை கல்லூரிக்குப் போன் வந்தது. மாரடைப்பு. வாசல் தெளிக்கக் குனிந்தவள் நிமிரவில்லை.

சுரண்டாத கம்பியை அவள் ஏன் நம்பவில்லை, இடது காலை ஏன் முதலில் ஊன்றினாள் என்று இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இரண்டுக்கும் பதில் ஒரே கதைதான்.

பிள்ளையார்பாளையத்தில் ரேணுகாம்பாள் பாவு பிணைக்கிறவள். தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள்தான் பாவு. ஒரு பாவு நெய்து முடிந்ததும் அதன் நுனிகளை அப்படியே விட்டுவைப்பார்கள். புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய நுனி ஒவ்வொன்றோடும் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கில் இழைகள். முடிச்சுப் போடக்கூடாது, போட்டால் இழைகளைப் பிரிக்கும் சீப்பான அச்சில் சிக்கும். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, இரண்டு நுனிகளையும் பக்கத்தில் வைத்து ஒரே உருட்டு. சேர்ந்த இடம் கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் தட்டாது. தறிக்குப் பின்னால் தரையில் காலை மடக்கி உட்கார்ந்தால் பொழுது சாயும்போதுதான் எழுந்திருப்பாள். கணவர் துரைக்கண்ணு இறந்தபோது தேவகி பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பாலிடெக்னிக் வரை கொண்டுபோய்ச் சேர்த்தது அந்த விரல் உருட்டல்தான்.

கர்வம் உண்டு. தான் பிணைத்த பாவில் ஓர் இழை விட்டுப்போனால் அந்தப் புடவையைத் தானே உட்கார்ந்து நெய்து தருவதாக வீட்டுக்கு வீடு சவால் விடுவாள். அப்படி அவள் நெய்து கொடுத்ததாகத் தெருவில் யாருக்கும் நினைவில்லை.

எழுபத்து நான்காம் வருஷம் ஒரு மாலை, சின்ன காஞ்சிபுரத்தில் வேலை முடித்து நடந்து திரும்பிக்கொண்டிருந்தாள். செங்கல் ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று. மாடுகள் எதற்கோ மிரண்டன. ஒதுங்கினவளின் இடது காலில் சக்கரம் ஏறி இறங்கியது. முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில் எலும்பு இரண்டாகப் போயிற்று.

மாவுக்கட்டுப் போட்டார்கள், சேரவில்லை. அறுத்துத் தகடு வைத்தார்கள், சீழ் பிடித்தது. தகட்டை எடுத்துவிட்டு மறுபடி கட்டுப் போட்டார்கள். சீழ் வற்றியது, புண் ஆறியது, எலும்பு மட்டும் சேரவில்லை. கட்டைப் பிரித்த நாளில், முறிந்த இடத்தில் கால் மெல்ல மடங்கியது. மடங்கக் கூடாத இடம்.

“மத்தவங்களுக்குக் காலுக்கு ஒரு முட்டி. எனக்கு மட்டும் ரெண்டு குடுத்துக்கிறான் ஆண்டவன்” என்று பார்க்க வந்தவர்களிடம் சொல்வாள். வந்தவர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று விழிப்பார்கள். அவர்கள் போன பிறகு, கட்டிலில் புரண்டு படுப்பதற்கு முன் முந்தானையை எடுத்துப் பல்லுக்கு நடுவில் வைத்துக்கொள்வாள். அதைத் தேவகி மட்டும் பார்த்திருக்கிறாள்.

காலை மடக்க முடியாதவளைப் பாவு பிணைக்க யார் கூப்பிடுவார்கள்? கட்டிலில் உட்கார்ந்தபடி பக்கத்து வீடுகளுக்கு ராட்டையில் குறுக்கு இழைக்கான தார் சுற்றிக் கொடுத்தாள். அது யாரும் செய்கிற வேலை. அதை அவள் சொல்லவில்லை, ஆனால் தெருவில் யாராவது “பாவு வந்துடுச்சி” என்று பேசிக்கொண்டு போனால் ராட்டையை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பாள்.

சென்னையில் எலும்பு டாக்டர் அப்பாதுரை எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். வளவளவென்று பேசாதவர். இன்னொரு ஆபரேஷன் செய்யலாம், இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து வைக்கலாம் என்றார். ஒரு தடவை சீழ் வைத்த கால். மறுபடி வைத்தால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டியிருக்கும். பொங்கல் கழித்து முடிவு செய்யலாம் என்றார்.

ரேணுகாம்பாள் கேட்டது ஒன்றே ஒன்று. கட்டைக் கால் வைத்துக்கொண்டால் தரையில் மடக்கி உட்கார முடியுமா? கொஞ்ச நேரம் உட்காரலாம், பொழுதுக்கும் முடியாது என்றார் டாக்டர்.

“அப்ப எனக்கு அது கால் இல்லீங்க” என்றாள்.

வேலை செய்த கல்லூரியின் நூலகத்தில், வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் தேவகி அந்தக் கட்டுரையைப் பார்த்தாள். சேராமல் நின்றுபோன எலும்புகளுக்கு அங்கே சில மருத்துவர்கள் புதுவிதமாக ஒன்றைச் செய்துபார்த்துக்கொண்டிருந்தார்கள். மாவுக்கட்டின் இரண்டு பக்கமும் செம்புக்கம்பிச் சுருள் வைத்து, அதில் மின்சாரத்தைத் தொடர்ந்து விடாமல் துடிப்புத் துடிப்பாக விடுவது. சுருளைச் சுற்றி ஒரு காந்தப்புலம் தோன்றித் தோன்றி மறையும். கத்தி இல்லை, ஊசி இல்லை. நடக்கிற காலின் எலும்பில் ஒவ்வோர் அடிக்கும் நுண்ணிய மின்சாரம் பிறக்கிறது, அதை வைத்துத்தான் எலும்பு தன்னை வளர்த்துக்கொள்கிறது என்பது அவர்கள் கருத்து. படுத்துக்கிடக்கிற காலுக்கு அது கிடைப்பதில்லை. வெளியிலிருந்து கொடுத்துப் பார்க்கிறார்கள்.

தேவகி கட்டுரையைப் பிரதி எழுதி எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனாள். அவரும் படித்திருந்தார். தான் செய்ததில்லை, செய்தவர் யாரையும் தனக்குத் தெரியாது என்றார். அந்தத் துடிப்பைத் தரும் பெட்டியைச் செய்து, ஷாக் அடிக்காது என்று தன் முன்னால் காட்டினால் கட்டுக்கு மேல் வைத்துப் பார்க்கலாம், ஆபரேஷனுக்கு முன்னால் எப்படியும் கால் மாவுக்கட்டுக்குள்தான் இருக்கப் போகிறது என்றார்.

“நீங்க பெட்டி பண்ணுங்க, நான் படம் எடுக்கறேன். ஒருத்தருக்கொருத்தர் பொய் மட்டும் சொல்லிக்க வேணாம்.”

மோட்டாருக்குக் காயில் கட்டும் அஹமது பாஷாவின் கடை காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்தது. அவரிடம்தான் தேவகி செம்புக்கம்பி வாங்கினாள். எந்த மோட்டாருக்கு என்று கேட்டார். அம்மா காலுக்கு என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

“எத்தன ஹெச்.பி. கால்மா அது?”

விவரம் சொன்ன பிறகு அவர் சிரிக்கவில்லை. நல்ல பூச்சுள்ள கம்பியாகத் தேடி எடுத்துக் கொடுத்தார். சுருள் எதன்மேல் சுற்றுவது என்பதற்கு ரேணுகாம்பாளே வழி கண்டாள். பழைய மாவுச் சல்லடைகள் இரண்டின் வலையைப் பிய்த்து எறிந்தாள். மிஞ்சிய மரவளையங்களை ராட்டைக் கதிரில் பொருத்தி, பட்டு சுற்றுகிற கையாலேயே செம்பைச் சுற்றினாள். இழைமேல் இழை ஏறாமல், நெளியாமல் வந்தது சுருள். தேவகி மீட்டர் வைத்துப் பார்த்தாள். இரண்டு சுருளும் அச்சு அசல் ஒன்று.

பெட்டியைத் தேவகி சென்னையில் செய்தாள். முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு. அது எரிந்தால் பெட்டி வேலை செய்கிறது என்று பொருள். டாக்டர் அதைத் தன் கையில் வைத்துப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார். புதுக் கட்டுக்கு மேல், காலின் இரண்டு பக்கமும் சல்லடை வளையங்களைப் பட்டையால் கட்டி, சுவிட்சைப் போட்ட அன்றைக்கே பக்கத்து வீட்டிலிருந்து சத்தம் வந்தது.

பக்கத்து வீடு ஜெயம்மாளுடையது. வீட்டிலேயே தறி. தறிக்கு மேல் மாடத்தில் ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோ. காலையிலிருந்து சாயங்காலம் வரை பாட்டு ஓடும், ஓடினால்தான் அவளுக்குத் தறியில் நாடா ஓடும். அந்த ரேடியோ இப்போது டர்ரென்று உறுமிற்று.

“இன்னா ரேணுக்கா, கால்ல ஸ்டேஷன் வச்சிக்கினு இருக்கிறியா? பாட்டுப் பூரா தகரத்த இழுக்கிற மாதிரி கேக்குது.”

“உங்கூட்டுக்காரர பாடச் சொல்லி கேளுடி.”

“அவரு பாடுறதுக்கு இதே தேவல.”

சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சிரிப்பு. கரண்டால் எலும்பு ஒட்டுமாம் என்று ஜெயம்மாள் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தது தனி. வெல்டிங் கடைக்குப் போயிருந்தால் அரை நாளில் முடிந்திருக்கும் என்று யாரோ சொன்னதாகவும் வந்து சொன்னாள்.

ரேணுகாம்பாள் நாளின் பெரும்பகுதி சுருளுக்கு நடுவில் காலை வைத்துக்கொண்டு தார் சுற்றினாள். தேவகி சனிக்கிழமைதோறும் வந்தாள். விளக்கு எரிகிறதா என்று கேட்பாள், எரிகிறது என்பாள் அம்மா. சில வாரங்களில் வலி குறைந்துவிட்டது என்றும் சொன்னாள். புரண்டு படுக்கும்போது முந்தானை பல்லுக்குப் போகவில்லை. தேவகி அதைக் கண்ணால் பார்த்தாள். நம்பிக்கையோடு படம் எடுக்கப் போனார்கள்.

படத்தில் ஒன்றும் இல்லை. முறிந்த இடத்தில் அதே கறுப்புக் கோடு. அடுத்த தடவையும் அதே கோடு. பொங்கலும் வந்து போயிற்று. டாக்டர் ஆபரேஷனுக்கு நாள் குறித்துக் கொடுத்தார். வருத்தமாகத்தான் கொடுத்தார்.

அந்த நாளைச் சொல்வதற்காகச் சனிக்கிழமை தேவகி வந்தாள். தெருவில் பாதி தூரம் வரும்போதே ஜெயம்மாளின் ரேடியோ கேட்டது. ஜெயம்மாள் வாசலில் நின்று முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நல்ல வார்த்தையாகத்தான் சொன்னாள்.

“பொட்டிய சரி பண்ணிட்ட போல இருக்குதே தேவகி. கொஞ்ச நாளு கொரகொரன்னுச்சி, அப்பறம் தொந்தரவே இல்ல. பாட்டு கணீர்னு கேக்குது.”

தேவகி நின்றாள். பெட்டியில் அவள் எதையும் சரி செய்யவில்லை.

பெட்டி ஓடும்போது பாட்டு எப்படித் தெளிவாகக் கேட்கும்? ரேடியோவைக் கொஞ்சம் கொடுங்கள் அத்தை என்று வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அம்மா கட்டிலில் இருந்தாள். காலின் இரண்டு பக்கமும் சுருள். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ரேடியோவைச் சுருளின் மேலேயே வைத்தாள். பாட்டு ஒரு பிசிறு இல்லாமல் பாடியது.

பையிலிருந்து மீட்டரை எடுத்தாள். சுருளில் வைத்தாள், முள் அசையவில்லை. பெட்டியில் வைத்தால் துடிப்பு வந்துகொண்டிருந்தது. சுருளுக்குள் போகவில்லை. எங்கேயோ கம்பி அறுந்திருக்கிறது. ஒரு சுருளிலிருந்து இன்னொரு சுருளுக்குப் போகும் கம்பியை விரலால் தடவிக்கொண்டே போனாள். ஓர் இடத்திலும் தட்டவில்லை.

அம்மாவின் முகத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

“கண்டுபுடி பாக்கலாம்.”

“இன்னாத்தம்மா?”

“அறுந்த எடத்த. நீ மொத தடவ ஊருக்குப் போனியே, அந்த வாரமே பட்டைல மாட்டி அறுந்துச்சி. உன்ன எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு நானே சேத்துட்டேன். தெரியுதா பாரு.”

தெரியவில்லை. சாம்பல் தொட்டு, இரண்டு நுனியையும் பக்கத்தில் வைத்து ஒரே உருட்டு. பட்டைச் சேர்க்கிற மாதிரியே செம்பைச் சேர்த்திருந்தாள். இழுத்துப் பார்த்தால்கூட வராது. காஞ்சிபுரத்தில் எந்தத் தறிக்கும் அது குறையில்லாத பிணைப்பு.

தேவகி கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். விஷயத்தைச் சொன்னாள். செம்புக்கம்பியின் மேல் வார்னிஷ் மாதிரி ஒரு பூச்சு இருக்கிறது. பட்டு பட்டைத் தொட்டால் போதும். செம்பு செம்பைத் தொட வேண்டுமானால் அந்தப் பூச்சு போக வேண்டும். அம்மா சேர்த்தது கம்பியை அல்ல, கம்பியின் சட்டையை. உள்ளே இருக்கிறது ஒன்றையொன்று தொடவே இல்லை.

ரேணுகாம்பாள் அந்தக் கம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தன் கைப் பிணைப்பு தவறிப்போய் அவள் பார்த்ததில்லை.

“அப்ப இத்தினி நாளா?”

“ஒண்ணும் போகலம்மா உள்ள.”

“வலி கொறஞ்சிதேடி. பொய் சொல்லல நானு.”

பொய் இல்லை என்று தேவகிக்குத் தெரியும். முந்தானையை அவளும் பார்த்திருக்கிறாள். பெட்டி வந்தது, மகள் செய்தது, விளக்கு எரிகிறது, இனி ஆகிவிடும் என்று நினைத்த மனசுக்கு வலி பாதி வழி விட்டிருக்கிறது.

“வலி நீ சொன்னா கேக்குதும்மா. எலும்பு கேக்கல.”

வெளியே ஜெயம்மாள் ரேடியோவுக்காகக் காத்திருந்தாள். ரேணுகாம்பாள் கையை நீட்டினாள்.

“பிளேடு எடுடி.”

அவளே சுரண்டினாள். இரண்டு முனையும் தாமிரச் சொம்பு மாதிரி சிவக்கச் சிவக்கச் சுரண்டினாள். தேவகி ஈயம் வைத்துப் பற்றவைத்தாள். பெட்டியையும் திறந்தாள். விளக்கு பெட்டியின் துடிப்பை மட்டும் காட்டிக்கொண்டிருந்தது. அதன் கம்பியை எடுத்து, சுருள் வழியாகப் போய்வரும் மின்சாரத்தால் மட்டுமே எரிகிற மாதிரி மாற்றினாள். இனி சுருள் அறுந்தால் விளக்கும் அணையும். முதலிலேயே அப்படித்தான் வைத்திருக்க வேண்டும்.

சுவிட்சைப் போட்டாள். ரேடியோவை எடுத்துப்போக உள்ளே வந்த ஜெயம்மாளின் கையிலேயே அது டர்ரென்று உறுமிற்று.

“ஐய, மறுபடியுமா?” என்றாள் ஜெயம்மாள்.

ரேணுகாம்பாள் கட்டிலைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற வரை சிரித்தாள். காரணம் தெரியாமல் ஜெயம்மாளும் சிரித்தாள். காரணம் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டு, ரேடியோவைக் கட்டில் தலைமாட்டில் வைத்தாள்.

“இங்கயே இருக்கட்டும். உறுமலன்னா கூப்புடு.”

டாக்டரிடம் தேவகி ஒன்று விடாமல் சொன்னாள். சேர்த்த கம்பியை வெட்டி எடுத்துக்கொண்டு போயிருந்தாள், அதையும் காட்டினாள். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் பழைய படங்களை எடுத்து வரிசையாக மாட்டினார். எதிரில் போய் நின்றார்.

இதுவரை எடுத்தவை எல்லாம் மின்சாரம் போகாத படங்கள் என்றார். அதே கால், அதே கட்டு, அதே கட்டில். அம்மாவும் போகிறது என்று நம்பிக்கொண்டுதான் இருந்தார்கள். இனி எடுக்கப் போவது மின்சாரம் போகிற படம். வேறு எதையும் மாற்ற வேண்டாம். சாப்பாடுகூட அப்படியே இருக்கட்டும். ஆபரேஷன் நாளை அடித்துவிட்டு, சித்திரை வரைக்கும் தவணை கொடுத்தார்.

“உங்கம்மா தப்பா சேத்தாங்க பாருங்க, அதுதான் நமக்கு அளவுகோல். நாமளா யோசிச்சிருந்தா இப்படி வச்சிருக்க மாட்டோம்.”

அந்த மாதங்களில் பெட்டியைக் காவல் காத்தது ஜெயம்மாள். ரேடியோவைக் கொஞ்ச நாளில் திருப்பி வாங்கிக்கொண்டாள், ஆனால் பாட்டுக்காக அல்ல. தறியில் உட்கார்ந்தபடி உறுமலுக்குக் காது கொடுத்தாள். உறுமல் நின்றால் நாடாவை வைத்துவிட்டு எழுந்து வருவாள். “இன்னா ரேணுக்கா, சத்தமே காணோம்? எங்கூட்ல கரண்டு இருக்குதே.” ரேணுகாம்பாள் கொல்லைப்பக்கம் போய்வந்தது ஒரு குற்றமா என்பாள். தெருவில் கரண்டு நின்ற நாட்களில் இருவரும் சேர்ந்து மின்சாரக்காரர்களைத் திட்டினார்கள். அந்தத் தெருவில் ஒரு பெண் தனக்குப் பிடித்த பாட்டை எல்லாம் விட்டுவிட்டு, டர்ரென்ற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே புடவை நெய்தாள். அந்த வருஷம் அவள் நெய்த புடவைகளைக் கட்டியவர்கள் யாருக்கும் அது தெரியாது.

சித்திரையில் படம் எடுத்தார்கள். கறுப்புக் கோட்டின் ஓர் ஓரத்தில் வெள்ளையாக ஒரு மூட்டம். படத்தில் விழுந்த அழுக்கு என்று நினைத்து டாக்டர் இன்னொன்று எடுக்கச் சொன்னார். அதிலும் இருந்தது. தவணையை நீட்டினார். ஆடி மாசத்துப் படத்தில் மூட்டம் இறுகிப் பாலமாகியிருந்தது. ஐப்பசியில் கோடு எங்கே இருந்தது என்று விரல் வைத்துக் காட்ட வேண்டியிருந்தது.

கட்டைப் பிரித்தார்கள். கால் மெலிந்து, தோல் உரிந்து, யாருடைய காலோ போல இருந்தது. டாக்டர் முறிந்த இடத்துக்கு மேல் ஒரு கையும் கீழ் ஒரு கையும் வைத்து வளைத்துப் பார்த்தார். அசையவில்லை. இன்னும் அழுத்தினார். தேவகி அம்மாவின் முந்தானையைப் பார்த்தாள். அது தோளில் இருந்தது.

“ரெண்டாவது முட்டி எங்கம்மா?” என்றார் டாக்டர்.

“தொலைஞ்சிபோச்சிங்க. தேடாதீங்க.”

டாக்டர் சிரித்து அன்றுதான் தேவகி பார்த்தாள். கிளம்பும்போது அவளைத் தனியாகக் கூப்பிட்டார். ஒரே ஒரு கால், இதை வைத்து யாருக்கும் உறுதி சொல்ல முடியாது, சில எலும்பு தானாகவும் தாமதமாகச் சேரும் என்றார். தேவகி தலையாட்டினாள். அதை அவளும் அறிவாள். ஆனால் தான் பார்த்ததைத் தான் பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன் என்றும் சொன்னார். அந்த வெட்டிய கம்பித் துண்டைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

நடை வந்தது. முதலில் சுவரைப் பிடித்து, பிறகு தடி ஊன்றி, பிறகு தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. அடுத்த வைகாசியில் வரதர் கருட சேவைக்கு வீதியில் போய் நின்றாள். கூட்டம் நெருக்கிற்று. ஒருவர் அவள் இடது காலை நன்றாக மிதித்தார். ஐயோ மன்னிச்சிக்கம்மா என்றார். “மிதிங்க, மிதிங்க, தாங்கும்” என்றாள் ரேணுகாம்பாள். அவர் இன்றைக்கு வரை அதை நினைத்துக் குழம்பிக்கொண்டிருப்பார்.

ஆனால் ஜெயித்தது அன்றைக்கு இல்லை. அது ஜெயம்மாள் வீட்டுத் தறியில்.

ஜெயம்மாளுக்குப் புதுப் பாவு வந்தது. கல்யாணப் புடவை, அரக்குச் சிவப்பு. பாவு பிணைக்க வேறொருத்தியை ஏற்பாடு செய்திருந்தாள். விடிந்ததும் ரேணுகாம்பாள் சாம்பல் கிண்ணத்தோடு வாசலில் நின்றாள். யாரும் கூப்பிடவில்லை. உள்ளே போனாள். தறிக்குப் பின்னால் தரையைத் துடைத்தாள். வலது காலை மடக்கினாள். ஜெயம்மாள் சுவரோரம் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். தேவகி நிலைப்படியில். இடது காலை ரேணுகாம்பாள் இரண்டு கையாலும் பிடித்து உள்ளே இழுத்தாள். மடங்கியது, மடங்க வேண்டிய இடத்தில் மட்டும்.

முதல் இழையை எடுத்தாள். சாம்பல் தொட்டாள். உருட்டினாள்.

ஜெயம்மாள் போய் ரேடியோவைப் போட்டாள். பாட்டு கணீரென்று வந்தது. வெயில் ஜன்னலில் ஏறி, கூரைக்குப் போய், மறுபக்கம் இறங்கியது. பகல் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கச் சொன்னதற்கு எழுந்திருக்கவில்லை. எழுந்தால் மறுபடி உட்கார முடியாதோ என்ற பயம் என்று தேவகி நினைத்தாள். அது பயம் இல்லை, ஆசை. கடைசி இழையை உருட்டியபோது விளக்கு வைக்கிற நேரம். பாவை இழுத்துப் பார்த்தார்கள். எல்லா இழையும் அச்சுக்குள் வழுக்கிக்கொண்டு போயின. ஒன்றும் அறவில்லை.

தேவகி தூக்கிவிடக் கை நீட்டினாள். அம்மா அந்தக் கையை விலக்கிவிட்டு இடது காலை முதலில் ஊன்றி எழுந்தாள். அன்றிலிருந்து எதற்கும் அந்தக் காலைத்தான் முதலில் வைத்தாள்.

“அறுந்தா சொல்லுடி. நான் வந்து நெய்ஞ்சி தரேன்” என்றாள் ஜெயம்மாளிடம்.

அதன் பிறகு வீட்டுக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். மூட்டு வலி, முதுகு வலி, தலைவலி. எல்லோருக்கும் பெட்டி வேண்டும். ரேணுகாம்பாள் ஒருவருக்கும் அதைத் தொடக் கொடுக்கவில்லை. “எனக்குத் தெரிஞ்சி இதுல ஒட்டுனது ஒரு காலு. அதுவும் என்னுது. டாக்டர் எழுதிக் குடுத்தா வாங்க” என்று அனுப்பிவிடுவாள். கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு.

டாக்டரே ஓர் ஆளை அனுப்பினார். திருமுக்கூடலில் பயிர் வைக்கிற பழனி. கிணற்றில் இறங்கும்போது வழுக்கிக் கணைக்கால் எலும்பு முறிந்து, அவளுக்கு நின்ற மாதிரியே சேராமல் நின்றது. காலில் கட்டோடு மகனின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து வந்திருந்தார். ரேணுகாம்பாள் அவரைத் திரும்பிப் போகச் சொல்லிவிட்டாள். வரும் வெள்ளிக்கிழமை தானே பஸ் ஏறி வருவதாகவும், கட்டின் பருமனுக்கு அளவெடுத்து அங்கேயே சுருள் சுற்றித் தருவதாகவும் சொன்னாள். காலை உடைத்துக்கொண்டவர் எதற்கு அலைய வேண்டும், காலுள்ளவள் நான் இருக்கும்போது என்றாள். அது தேவகி ஃபியூஸ் கட்ட டார்ச் பிடித்த திங்கட்கிழமைக்கு முந்தின நாள்.

காரியங்கள் எல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் போன பிறகு தேவகி வாசலைக் கூட்டினாள். அம்மாவின் செருப்பு மூலையில் கிடந்தது. எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். எதையும் திருப்பிப் பார்ப்பது அவள் தொழில் பழக்கம். விந்திக்கொண்டு நடந்தவள் செருப்பு ஒரு பக்கம் தேய்ந்திருக்கும். இது அப்படி இல்லை. இடதும் வலதும் ஒரே அளவு தேய்ந்திருந்தன.

கதவுக்குப் பின்னால் ஆணியில் மஞ்சள் பை தொங்கியது. உள்ளே பெட்டி, துணியில் சுற்றியிருந்தது. அஹமது பாஷா கடையில் வாங்கிய புதுக் கம்பி ஒரு கட்டு. வலை பிய்த்த சல்லடை வளையங்கள் இரண்டு. காகிதத்தில் மடித்த பாதி பிளேடு. கம்பியின் இரண்டு முனையும் சுரண்டப்பட்டிருந்தன. வெள்ளிக்கிழமை போயிருந்தது. பழனி வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். திருமுக்கூடலுக்கு இன்னும் யாரும் போகவில்லை.